பரணை இறக்குவதற்கு முன்: குறைந்த பொருட்களோடு வீட்டை நடத்த ஒரு வழிகாட்டி

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்தது. பெயிண்டர் வந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, "பரணை மட்டும் காலி செய்து கொடுங்கள் சார், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். காலி செய்ய மூன்று நாள் ஆயிற்று. சென்னையில் இரண்டு படுக்கையறை உள்ள சாதாரண அடுக்குமாடி வீடு. அம்மா, நான், மனைவி, மகள் என நான்கு பேர். மேலேயிருந்து இறங்கியவை: மூன்று மிக்சிகள், இரண்டு இட்லிப் பானைகள், மூடி இல்லாத பதினோரு சம்படங்கள், சம்படம் இல்லாத ஏழு மூடிகள், யார் வாங்கினார்கள் என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளாத ஒரு நீச்சல் வளையம்.

வெள்ளையடித்து முடிந்த மறுநாள் அத்தனையும் அப்படியே மேலே ஏறிவிட்டன. வேண்டாம் என்று நால்வரும் சேர்ந்து முடிவு செய்த பொருட்களும்தான். வேண்டாத மிக்சியை எங்கே கொடுப்பது, பழைய மெத்தையை யார் எடுப்பார், பித்தளைத் தவலைக்கு என்ன விலை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கூடத்தில் கிடந்து காலை இடறுவதைவிடப் பரணில் கிடக்கட்டும் என்று ஆகிவிட்டது. அடுத்த ஆண்டு மறுபடி முயன்றபோதுதான் வேலை உருப்படியாக நடந்தது. முதல் முறை எதைக் கழிப்பது என்பதிலிருந்து தொடங்கினோம். இரண்டாம் முறை, கழித்தது எந்த வழியாக வெளியே போகும் என்பதிலிருந்து தொடங்கினோம். அந்த வரிசையில்தான் இந்த வழிகாட்டியையும் எழுதுகிறேன்.

வெள்ளைச் சுவர், ஒற்றை நாற்காலி, ஒரு தொட்டிச் செடி என்று இணையத்தில் மினிமலிசம் என்ற பெயரில் காட்டப்படும் வீடு எனக்குத் தெரிந்து யாருக்கும் இல்லை. தீபாவளிக்கு எட்டுப் பேர் வந்து தங்கும் வீட்டில் எட்டுப் பாய் இருந்தே தீர வேண்டும். தேடாமல் எடுக்க முடிகிற அளவுக்குப் பொருள் இருந்தால் போதும் என்பதே இங்கே நான் வைத்திருக்கும் அளவு.

முதல் படி: வெளியேறும் வழிகளைக் கண்டுபிடியுங்கள்

ஒரு பொருளையும் தொடாமல், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஒரு மாலை தெருவைச் சுற்றி வாருங்கள். பழைய பேப்பர் கடை, காயலான் கடை, பழைய பாத்திரத்தை எடைக்கு எடுத்துக்கொண்டு புதுப் பாத்திரம் கொடுக்கும் கடை, பழைய பட்டு வாங்கும் கடை, முதியோர் இல்லம், ஆதரவற்ற குழந்தைகள் இல்லம், பழைய புத்தகக் கடை. ஒவ்வொன்றிலும் எதை எடுப்பார்கள், எந்த நாளில் எடுப்பார்கள், வீட்டுக்கு வந்து எடுப்பார்களா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மெத்தை, உடைந்த சோபா, கட்டில் போன்றவற்றை உள்ளாட்சித் துப்புரவுப் பணியாளர்கள் எந்த நாளில் எடுக்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்பது நல்லது. இரவோடு இரவாகத் தெருமுனையில் மெத்தையை வைத்துவிட்டு வருகிறவர்கள் வீட்டைச் சுத்தம் செய்வதில்லை. தெருவைத் தங்கள் பரணாக்குகிறார்கள்.

காயலான் கடை என்றால் முகம் சுளிக்கத் தேவையில்லை. பழைய இரும்புச் சாமானுக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு வண்டி வந்த காலத்திலிருந்தே நம் ஊரில் மறுசுழற்சி அவர்கள் கையில்தான் இருக்கிறது. இரும்பு, அலுமினியம், எவர்சில்வர், பித்தளை, செம்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனி விலை. கலந்து கொடுத்தால் மலிவான உலோகத்தின் விலைதான் கிடைக்கும். இதை நான் கற்ற விதத்தை அடுத்த படியில் சொல்கிறேன்.

இன்னொரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுக்கி வைப்பதற்கென்று பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்காதீர்கள். பெட்டி வந்தால் அதை நிரப்பத்தான் கை போகும்.

இரண்டாம் படி: இது யாருடைய பொருள்?

அம்மா ஒரு வாரம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். அந்த வாரத்தில் நான் சமையலறை மேல்தட்டைச் சுத்தம் செய்தேன். நசுங்கிய, மங்கலான வெள்ளை நிறச் சொம்பு ஒன்று இருந்தது. அலுமினியம் என்று நினைத்து மற்ற உடைசல்களோடு எடைக்குப் போட்டுவிட்டேன். அது பாட்டி ரசம் வைத்த ஈயச் சொம்பு. ஈயச் சொம்பு செய்யும் வெள்ளீயம் அலுமினியத்தைவிடப் பல மடங்கு விலை அதிகம் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அம்மா திரும்பி வந்து கேட்ட ஒரே கேள்வி, "சொம்பு எங்கே?" என்பதுதான். கடைக்கு ஓடினேன், நல்ல வேளையாக இன்னும் உருக்கப் போகவில்லை. இருமடங்குக்கும் மேல் கொடுத்து மீட்டு வந்தேன். அம்மா என்னோடு பேச நான்கு நாள் ஆயிற்று.

ஆகவே, முதல் மாதம் உங்கள் சொந்தப் பொருட்களை மட்டும் தொடுங்கள். உங்கள் சட்டை, உங்கள் புத்தகம், உங்கள் செருப்பு, நீங்கள் வாங்கி மறந்துபோன உடற்பயிற்சிச் சாமான். அது குறைவதை வீட்டில் மற்றவர்கள் பார்ப்பார்கள். பார்த்தால் அவர்களே ஆளுக்கு ஒன்றாக எடுத்து வைப்பார்கள், சில வீடுகளில் வைக்கமாட்டார்கள். இரண்டுக்கும் தயாராக இருங்கள். முதியவர்களிடம் "இது எதற்கு?" என்று கேட்டால் உடனே காரணம் வரும். "இது யார் கொடுத்தது அம்மா?" என்று கேட்டால் கதை வரும். கதை முழுதும் சொல்லி முடித்த பிறகு பல பொருட்களை அவர்களே விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானை அவர்கள் பள்ளிக்குப் போன நேரத்தில் எடுக்காதீர்கள். அவர்கள் நினைவு காவல் நிலையப் பதிவேட்டைவிடத் துல்லியமானது.

மூன்றாம் படி: சமையலறை

பலரும் பீரோவிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். எனக்குச் சமையலறைதான் சரி என்று படுகிறது, ஏனென்றால் பலன் அடுத்த வேளையே கைக்குத் தெரியும்.

எல்லாப் பாத்திரத்தையும் கூடத்தில் ஒரு பாயில் பரப்புங்கள். நம் வீடுகளில் எவர்சில்வர் பெரும்பாலும் வாங்கி வந்தவை அல்ல, வந்து சேர்ந்தவை. சீர், கிரகப்பிரவேசம், வளைகாப்பு, காதுகுத்து, நவராத்திரித் தாம்பூலம். அடியில் திருப்பிப் பார்த்தால் பெயர் வெட்டியிருக்கும்: கொடுத்தவர் பெயர், தேதி, சில சமயம் ஊர். எங்கள் பாயில் 1974 தேதியிட்ட ஒரு டபராவும் இருந்தது, 2016 தேதியிட்ட அதே அளவு கிண்ணங்கள் பதினான்கும் இருந்தன. பெயர் வெட்டிய பாத்திரத்தைக் கடையில் போடக் கை வராது. அதற்கு நாங்கள் கண்ட வழி, ஒருவர் கொடுத்ததில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது. அந்த ஒன்றும் தினமும் புழங்குவதாக இருக்க வேண்டும். பெரியப்பா கொடுத்த ஆறு தட்டுகளில் ஒன்று தினமும் சாப்பாட்டுக்கு வருகிறது. மற்ற ஐந்தும் எடைக்குப் போய், அடி கனமான ஒரு கடாயாகத் திரும்பி வந்தன. பரணில் கிடந்தபோது பெரியப்பாவை யாரும் நினைத்ததில்லை, இப்போது தினமும் நினைக்கிறோம்.

அடுத்து, எண்ணிக்கை. வீட்டில் உள்ளவர் எண்ணிக்கையோடு நான்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தட்டு, டம்ளர், கிண்ணம் எல்லாம் அந்த அளவே போதும். அதற்கு மேல் விருந்தினர் வந்தால் வாழையிலை இருக்கிறது. அண்டா, குண்டான், பெரிய தவலை ஆகியவற்றுக்கு ஒரே கேள்வி: கடைசியாக அடுப்பில் ஏறியது எப்போது? இன்று ஐம்பது பேருக்குச் சமையல் என்றால் சமையல்காரரே பாத்திரத்தோடு வருகிறார், இல்லையென்றால் பாத்திர வாடகைக் கடை இருக்கிறது.

பித்தளை, வெண்கலப் பாத்திரங்களில் அவசரம் வேண்டாம். நல்ல வெண்கலப் பானையை இன்று புதிதாக வாங்கப் போனால் விலை கேட்டே திரும்பிவிடுவோம். பித்தளைக்கு ஈயம் பூசித் தருகிறவர் உங்கள் பகுதியில் கிடைத்தால் ஒன்றிரண்டை மீட்டுப் புழங்குங்கள். கிடைக்காவிட்டால், ஈயம் போன பித்தளையில் புளி சேர்த்துச் சமைக்கக் கூடாது என்பதால் அது வெறும் அலங்காரம்தான். வைத்துக்கொள்வதா என்பது இடத்தைப் பொறுத்தது.

மிக்சிகளுக்குத் தனி வரலாறு உண்டு. தமிழ்நாட்டில் 2006-இல் வந்த ஆட்சி வண்ணத் தொலைக்காட்சியையும், 2011-இல் வந்த ஆட்சி மிக்சி, கிரைண்டர், மின்விசிறியையும் இலவசமாகக் கொடுத்தன. பல வீடுகளில் முதல் மிக்சி அதுதான், அம்மியிலிருந்து பெண்களுக்குக் கிடைத்த விடுதலையும் அதுதான். ஏற்கெனவே மிக்சி இருந்த வீடுகளில் அது அட்டைப்பெட்டி பிரியாமல் பரணேறியது. ஓடுகிற மிக்சியைப் புதிதாகக் குடித்தனம் தொடங்கும் யாருக்காவது கொடுங்கள். ஓடாததைச் சரிசெய்யலாம் என்று வைத்திருந்தால், இந்த மாதத்துக்குள் சரிசெய்யுங்கள், இல்லையேல் ஆறாம் படிக்குப் போங்கள்.

பிளாஸ்டிக் டப்பாக்கள் பற்றிப் பேச எனக்குப் பொறுமை இல்லை. பார்சல் சாப்பாடு வந்த டப்பாவைக் கழுவி வைக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். மூடி பொருந்தாதவை, மஞ்சள் கறை ஏறியவை, உருமாறியவை எல்லாம் இன்றே உலர் குப்பைக்கு.

நான்காம் படி: துணி

எதை உடுத்துவதில்லை என்று கண்டுபிடிக்க, மேலைநாட்டுக்காரர்கள் ஹேங்கரைத் திருப்பி மாட்டச் சொல்கிறார்கள். நாம் மடித்து அடுக்குகிறவர்கள், அதனால் இப்படிச் செய்யுங்கள்: துவைத்து மடித்த துணியை எப்போதும் அடுக்கின் மேல் மட்டுமே வையுங்கள். ஆறு மாதம் கழித்து அடியில் தங்கியிருப்பவை நீங்கள் உடுத்தாதவை. சண்டை போட வேண்டியதில்லை, அடுக்கே தீர்ப்புச் சொல்லிவிடும்.

பட்டுப் புடவை தனி. வாங்கிய விலையை நினைத்து யாராலும் கொடுக்க முடியாது. உடுத்தவும் நேரம் வராது. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளி இழையைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. பழைய காஞ்சிப் பட்டை வாங்குகிறவர்கள் அந்த வெள்ளிக்காகத்தான் வாங்குகிறார்கள். ஒரு கடையில் கேட்ட விலையோடு கொடுத்துவிடாமல் இரண்டு கடையில் கேளுங்கள். போலி ஜரிகை என்றால் கிடைப்பது ஒன்றுமில்லை. அதைப் பாவாடை சட்டையாகத் தைத்துப் பேத்திக்குப் போடுவதே லாபம். வைத்துக்கொள்ளும் பட்டுகளைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துப் பருத்தி வேட்டியில் சுற்றுங்கள், சில மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் ஜரிகை அந்தக் கோட்டிலேயே முறியும். பத்துப் பட்டுகளுக்கு இதைச் செய்யலாம், நாற்பதுக்கு யாரும் செய்வதில்லை.

ரவிக்கைத் துணியைப் பற்றி ஒரு வார்த்தை. தாம்பூலத்தில் வரும் அந்தத் துணி ஒருநாளும் ரவிக்கையாவதில்லை. ஒரு வீட்டில் வாங்கியது அடுத்த வீட்டுத் தாம்பூலத்தில் போகிறது. நாங்கள் கொடுத்த ஊதா நிறத் துணி ஒன்று இரண்டு ஆண்டு சுற்றிவிட்டு எங்களிடமே திரும்பியது. மூலையில் என் மகளின் பேனாக் கறை. அம்மாவும் மனைவியும் கூடிப் பேசி, இனிக் கொடுப்பதை வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், ஒரு பழம் என்று நிறுத்திவிட்டார்கள். யாரும் குறை சொல்லவில்லை.

கொடுக்கும் துணி நீங்களே உடுத்தக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடலோர மாவட்டங்களுக்கு லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. கிழிந்ததும் அழுக்கானதும் சாலையோரம் குவிந்து கிடந்தன. வீடிழந்தவர்களிடம் நம் பரணை இறக்கி வைத்தோம். கிழிந்த பருத்தித் துணியைச் சதுரமாக வெட்டிக் கைத்துணியாக்குங்கள், மிச்சத்தை வண்டி பழுது பார்க்கும் கடையில் கொடுங்கள். எண்ணெய் துடைக்க அவர்கள் காசு கொடுத்து பனியன் வேஸ்ட் வாங்குகிறார்கள்.

ஐந்தாம் படி: தாள்கள்

எதைக் கழிக்கலாம் என்பதற்கு முன், எதைத் தொடக் கூடாது என்பதைத் தனியே எடுத்து வையுங்கள். வீட்டுப் பத்திரம், தாய்ப் பத்திரம் (முந்தைய உரிமையாளரின் பத்திரம்), பட்டா, பிறப்பு, இறப்பு, திருமணச் சான்றுகள், பட்டமும் மதிப்பெண் பட்டியல்களும், ஆயுள் காப்பீட்டு மூலப் பத்திரம், உயில், கடன் அடைத்ததற்கு வங்கி தந்த கடிதம். இவை அனைத்தும் ஒரே பெட்டியில், வீட்டில் இருவருக்காவது தெரிந்த இடத்தில். தாய்ப் பத்திரம் பழசு, மக்கிவிட்டது என்று எறிந்தவர்கள் வீட்டை விற்கும்போது அலைந்திருக்கிறார்கள்.

வருமான வரி தொடர்பான தாள்களை எட்டு ஆண்டு வைத்திருப்பது என் வழக்கம். மின்கட்டண ரசீது, எரிவாயு ரசீது, வங்கி அனுப்பும் அறிக்கை ஆகியவற்றை இணையத்திலேயே எடுக்கலாம் என்பதால் தாள் தேவையில்லை. ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவுச் சான்று ஆகியவற்றை மத்திய அரசு 2015-இல் தொடங்கிய டிஜிலாக்கர் என்ற இணைய ஆவணப் பெட்டகத்தில் எடுத்து வைத்தால் சோதனையின்போது அதையே காட்டலாம். நகல்களின் நகல்களுக்கு வேலை இல்லை. ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் இருக்கும் தாளைக் கிழிக்காமல் பழைய பேப்பர்க்காரரிடம் போடாதீர்கள். சுண்டல் பொட்டலத்தில் யாரோ ஒருவரின் சம்பளச் சீட்டைப் படித்த அனுபவம் எனக்கு உண்டு.

ஆறாம் படி: மின்பொருளும் மருந்தும்

பழைய போன், சார்ஜர், ஒயர், ரிமோட், எரிந்துபோன பல்பு. போனில் உள்ளதை அழித்து, கணக்குகளிலிருந்து வெளியேறி, சிம்மை எடுத்த பிறகே கொடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதைப் பரணில் ஒருநாள்கூட வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள் மறுசுழற்சிப் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது வைக்கின்றன. அந்தந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் கேட்டால் எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள். எந்தக் கருவிக்கும் பொருந்தாத ஒயரை ஒரு கவரில் போட்டுத் தேதி எழுதுங்கள். மூன்று மாதம் யாரும் தேடாவிட்டால் கவரோடு கொடுத்துவிடலாம்.

காலாவதியான மாத்திரை, மருந்தை மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கட்டிக் கொடுங்கள். 2016-இன் திடக்கழிவு விதிகள் ஈரக்குப்பை, உலர்குப்பையோடு வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாவதாக ஒன்றைப் பிரித்தது இதற்காகத்தான்.

ஏழாம் படி: தூக்கிப் போட மனம் வராதவை

பழைய சாமி படங்களும் காலண்டர் படங்களும் அரசமரத்தடியில் போய்ச் சேர்வது ஊர் வழக்கம். மழையில் நனைந்து, கண்ணாடி உடைந்து, அங்கே கிடக்கும் காட்சி பக்தியாக எனக்குத் தோன்றுவதில்லை. சட்டத்தையும் கண்ணாடியையும் பிரித்தெடுங்கள். படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் அதை எடுத்துக்கொள்வார்கள். வண்ணம் பூசாத களிமண் பிள்ளையாரை வாளித் தண்ணீரில் கரைத்துச் செடிக்கு ஊற்றலாம்.

கொலு பொம்மைகளில் நான் கை வைக்கவில்லை, வைக்கச் சொல்லவும் மாட்டேன். ஆண்டுக்கு ஒன்பது நாள் மட்டும் வெளியே வந்தாலும் அந்த ஒன்பது நாளும் வீடு முழுதும் அவற்றைச் சுற்றி நடக்கிறது. ஆண்டுதோறும் ஒரு புது பொம்மை என்ற வழக்கத்தை மட்டும், உடைந்ததற்கு ஈடாக ஒன்று என்று அம்மாவே மாற்றிக்கொண்டார்.

புத்தகங்களில் திரும்பப் படிக்கப் போவதை வைத்துக்கொள்ளுங்கள். மற்றதற்கு ஊர்ப்புற நூலகம், பள்ளி, பழைய புத்தகக் கடை. சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை அரங்கு அமைத்து, சிறை நூலகங்களுக்குப் புத்தகம் பெற்றுக்கொண்டது. அங்கே இரண்டு பை கொடுத்தேன். புத்தகத்தைப் பிரிவதில் எனக்கு வருத்தம் இல்லாத ஒரே தருணம் அதுதான்.

எட்டாம் படி: வாசலில் ஒரு காவல்

உள்ளே வருவதைக் குறைக்காமல் இவ்வளவு செய்தும் பயனில்லை. ஒரே ஆண்டில் பரண் நிறையும். வாங்க நினைப்பதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் தேதியோடு எழுதி வைத்து முப்பது நாள் காத்திருங்கள். எங்கள் பட்டியலில் எழுதியதில் பாதிக்கு மேல் அடித்துவிட்டோம். ஏணி, துளையிடும் கருவி, பெரிய குக்கர் போன்றவற்றைக் குடியிருப்பில் நான்கு வீட்டார் சேர்ந்து வைத்துக்கொள்ளலாம். "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்றால், இரண்டாவதற்கு வீட்டில் எந்தத் தட்டு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விசேஷங்களுக்குப் பரிசுப் பொருள் வாங்கிப் போவதைவிட மொய் எழுதுங்கள். பணமாகக் கொடுத்து, நோட்டில் எழுதி, தேவைப்படும் நேரத்தில் தேவைப்படும் வீட்டுக்குப் பயன்படச் செய்த ஏற்பாடு அது. சுவர்க் கடிகாரத்துக்கு அந்தப் புத்தி இல்லை. நம் வீட்டு விசேஷத்தில் திரும்பக் கொடுப்பது தின்று தீர்க்கக்கூடியதாக இருக்கட்டும்: ஒரு பொட்டலம் முறுக்கு, அரைக் கிலோ கருப்பட்டி. துணிப்பையில் போட்டுக் கொடுக்கலாம் என்கிறீர்களா? 2019-இல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த பிறகு, எங்கள் கதவுக்குப் பின்னால் மட்டும் முப்பத்தொரு மஞ்சப்பைகள் தொங்கின. அவற்றையே திருப்பிக் கொடுங்கள்.

போகிக்கு ஒரு மாதம் முன்பு ஆண்டுக்கு ஒரு முறை பரணை மறுபடி இறக்குகிறோம். எரிப்பதற்காக அல்ல, ரப்பரும் பிளாஸ்டிக்கும் எரித்த புகையில் சென்னை மூச்சுத் திணறும் காலை எது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு மாதம் இருந்தால் ஒவ்வொன்றையும் அதன் இடத்துக்கு அனுப்பிவிடலாம்.

இந்த ஆண்டு இறக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கொலுப் பெட்டி இரண்டு, பயணப் பெட்டி மூன்று, பாய்கள், ஓர் அண்டா. அண்டாவில் கடைசியாகச் சமைத்தது என் கல்யாணத்துக்கு. அம்மாவிடம் கேட்டேன். "உன் மகள் கல்யாணத்துக்கு" என்றார். மகள் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். அண்டாவைத் துடைத்து, கவிழ்த்து, மேலே ஏற்றினேன்.